கடைசி ஆள் வரும்வரை

லண்டனிலும் டப்ளினிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் சனிக்கிழமை காலைதோறும் நடக்கும் ஓர் ஓட்டத்தில், கடைசியாக வருவதற்கென்றே ஒருவரை நிறுத்திவைக்கிறார்கள். அவர் நன்றாக ஓடத் தெரிந்தவராக இருக்கலாம்; மூன்றரை மணி நேரத்தில் மாரத்தான் முடித்தவராகக்கூட இருக்கலாம். ஆனால் அன்றைக்கு அவருடைய வேலை, யார் எவ்வளவு மெதுவாக வந்தாலும் அவருக்குப் பின்னால் நடந்து வருவதுதான். பேச்சுத்துணை வேண்டுமென்றால் பேசுவார். தனியாக விட்டால் போதும் என்று தோன்றினால் பத்தடி தள்ளி வருவார். எல்லைக் கோட்டைக் கடைசியாகத் தாண்டுபவர் அவர்தான். அதனால் முதன்முறை வந்த அறுபது வயதுக்காரரோ, பிரசவமாகிப் பல மாதம் கழித்து ஷூ மாட்டிய பெண்ணோ, கனத்த உடம்போடு தயங்கித் தயங்கி வந்தவரோ, ‘நான்தான் கடைசி’ என்ற நினைப்போடு வீடு திரும்ப வேண்டியதில்லை.

பார்க்ரன் என்ற அந்த ஓட்டம் ஐந்து கிலோமீட்டர். கட்டணம் கிடையாது. வாராவாரம் நடக்கும். களத்தில் நின்று நடத்துகிறவர்கள் எல்லோரும் அந்தந்த ஊர்க்காரர்கள். யாரும் சம்பளம் வாங்குவதில்லை. கடைசியாக வரும் அந்த ஆளை டெயில் வாக்கர் என்கிறார்கள்.

ஓட்டப்பந்தயம் என்றால் நமக்கு முதல் மூன்று பேர்தான். பள்ளி விளையாட்டு விழாவில் நான்காவதாக வந்த பையனை மேடைக்கு யாரும் கூப்பிட்டதில்லை. எட்டாவதாக வந்த பெண் அதற்குப் பிறகு ஓடவே இல்லை. நாற்பது வயதில் சர்க்கரை அளவைப் பார்த்து மருத்துவர் அதட்டிய பிறகு மைதானத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்த எட்டாவது இடத்துக்காரர்கள்தான். அவர்களை அடுத்த வாரமும் வரவைப்பது பக்கத்தில் ஓடுகிற இன்னொருவர். வார இறுதி ஓட்டங்களைத் தொடர்ந்து பார்த்துவருவதில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. ஓர் ஊரின் ஓட்டம் நன்றாக நடக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் முதலில் வந்தவரின் நேரத்தைப் பார்க்க வேண்டாம். கடைசி ஆள் வரும்போது இன்னும் எத்தனை பேர் அங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

பதின்மூன்று பேர், இரும்பு வாஷர்

2004 அக்டோபர் 2. லண்டனின் தென்மேற்கே டெடிங்டன் பகுதியில், மான்கள் மேயும் புஷி பூங்கா. அங்கே பால் சின்டன் ஹெவிட் என்பவர் தன் நண்பர்களை ஓட அழைத்தார். அவருக்கு அது நல்ல காலமில்லை. வேலை போயிருந்தது. மாரத்தானுக்குத் தயாராகும்போது பட்ட காயத்தால் ஓடவும் முடியவில்லை. ஓடாத ஓட்டக்காரன் வீட்டுக்குள் முடங்கிப்போவான் என்பது ஓடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். நண்பர்களை வாரம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும், ஓடி முடித்து அவர்களோடு உட்கார்ந்து காபி குடிக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. ஓட முடியாததால் கடிகாரத்தைக் கையில் எடுத்தார்.

அன்றைக்கு ஓடியவர்கள் 13 பேர். எத்தனையாவதாக வந்தார்கள் என்பதைக் குறிக்க, ஹார்ட்வேர் கடையில் வாங்கிய இரும்பு வாஷர்களில் எண் பொறித்துக் கையில் கொடுத்தார்கள். அடுத்த சனிக்கிழமையும் நடந்தது. மழையிலும் நடந்தது.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. சின்டன் ஹெவிட் தென்னாப்பிரிக்காவில் வளர்ந்தவர். ஜோகன்னஸ்பர்க் ஓட்டக் கழகங்களில் வாரந்தோறும், ஒரே தூரத்தை ஒரே இடத்தில் ஓடி நேரம் பார்க்கும் பழக்கம் இருந்தது. போட்டி என்ற பரபரப்பு இல்லாத, தவறாமல் நடக்கிற ஒரு சந்திப்பு. அதைத்தான் அவர் லண்டன் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். 2007 ஜனவரியில் விம்பிள்டனில் இரண்டாவது இடம் தொடங்கியது. அதற்குப் பிறகு ஊர் ஊராக, நாடு நாடாகப் பரவியது. 2014-ல் சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்கும், 2018-ல் மலேசியாவுக்கும் வந்து சேர்ந்தது. இங்கிலாந்தில் காலை 9 மணிக்குத் தொடங்குவதைச் சிங்கப்பூரில் 7.30 மணிக்கே தொடங்கிவிடுகிறார்கள். வெயிலின் கணக்கு அப்படி.

நடைமுறை மிக எளிது. ஒரே ஒருமுறை பதிவு செய்தால் ஒரு பார்கோடு கிடைக்கும். அதோடு எந்த ஊர் பார்க்ரனுக்கும் போகலாம். ஓடி முடித்ததும் கையில் ஒரு டோக்கன் தருவார்கள். இரண்டையும் ஸ்கேன் செய்தால் உங்கள் நேரம் பதிவாகிவிடும். வேகமாக ஓடியதற்குப் பரிசு எதுவும் இல்லை. 50 முறை வந்தால், 100 முறை வந்தால் அதற்கென்று ஒரு நிறத்தில் டி-ஷர்ட் உண்டு. 25 முறை தொண்டு செய்தவர்களுக்கும் உண்டு. திருப்பத்தில் நின்று வழிகாட்டியவருக்கும் ஓடியவருக்கும் ஒரே மரியாதை. ஓடுகிறவர்களே முறை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டத்தை விட்டுவிட்டுக் கடிகாரம் பிடிக்கிறார்கள், டோக்கன் கொடுக்கிறார்கள், முதன்முறை வந்தவர்களைத் தனியே அழைத்து வழி சொல்லிக்கொடுக்கிறார்கள்.

தொடக்க காலத்தில் பிரிட்டனில் பார்க்ரன் முடிப்பவர்களின் சராசரி நேரம் 22 நிமிடங்களை ஒட்டி இருந்தது. இப்போது அது 30 நிமிடங்களைத் தாண்டிவிட்டது. இருபது ஆண்டுகளில் தங்கள் ஓட்டம் இவ்வளவு மெதுவாகிவிட்டது என்பதை அந்த அமைப்பு பெருமையோடு சொல்கிறது. சொல்லத்தான் வேண்டும். வேகக்காரர்கள் குறைந்துவிட்டார்கள் என்பதால் இது நிகழவில்லை. முன்பு வீட்டிலேயே இருந்தவர்கள் வந்துவிட்டார்கள் என்பதால் நிகழ்ந்தது. 2018-ல் பிரிட்டனின் குடும்ப மருத்துவர்கள் அமைப்போடு சேர்ந்து, நோயாளிகளைப் பக்கத்துப் பூங்காவின் ஓட்டத்துக்கு அனுப்பும் திட்டம் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில் கம்ப்ரியா மாவட்டத்தின் ஹாவரிக் சிறைக்குள்ளேயே பார்க்ரன் தொடங்கிவிட்டது. கைதிகளும் சிறை ஊழியர்களும் ஒரே பாதையில் ஓடுகிறார்கள்.

எல்லாம் சுமுகமாகப் போய்விடவில்லை. 2024 பிப்ரவரியில், ஒவ்வோர் இடத்திலும் யார் அதிவேகம் என்று காட்டும் சாதனைப் பட்டியல்களை பார்க்ரன் தன் பொதுப் பக்கங்களிலிருந்து எடுத்துவிட்டது. புதிதாக வருகிறவர்களை அவை மிரட்டுகின்றன என்பது ஒரு காரணம். நீண்ட காலமாக ஓடிவந்தவர்கள் பலர் கொதித்தார்கள். எனக்கு இரு தரப்பின் மீதும் அனுதாபம் உண்டு. வேகமாக ஓடுவதும் ஒரு கலைதான். அதற்காக உழைத்தவருக்குத் தன் பெயரைப் பட்டியலில் பார்க்கும் ஆசை இருப்பதில் தவறில்லை. ஆனால் வேகக்காரருக்கு ஊரில் வேறு பத்துப் பந்தயங்கள் இருக்கின்றன. தயங்கி நிற்பவருக்கு இது ஒன்றுதான் இருக்கிறது.

இன்னொரு சண்டை அதைவிடப் பெரியது. பிரிஸ்டல் நகரத்தை ஒட்டிய லிட்டில் ஸ்டோக் பூங்காவில் வாராவாரம் நூற்றுக்கணக்கானோர் ஓடிவந்தார்கள். பாதை தேய்கிறது, வண்டி நிறுத்த இடமில்லை, பராமரிப்புச் செலவை யார் தருவது என்று உள்ளூர் மன்றம் கேட்டது. 2016 ஏப்ரலில், ஓட்டத்துக்குக் கட்டணம் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. பார்க்ரன் மறுத்தது. ஓடுகிறவரிடம் ஒருபோதும் பணம் வாங்குவதில்லை என்பது அதன் அடிப்படை விதி. ஓரிடத்தில் தளர்த்தினால் எல்லா ஊரிலும் தளர்த்த வேண்டிவரும். லிட்டில் ஸ்டோக்கில் ஓட்டம் நின்றுபோனது. மன்றத்தின் கவலை பொய் என்று நான் சொல்ல மாட்டேன். பாதையைச் செப்பனிடப் பணம் வேண்டும்தான். ஆனால் பூங்கா என்பதே மக்கள் நடக்கவும் ஓடவும் ஏற்பட்டது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஓடும் தாயிடம் வாசலில் காசு கேட்க ஆரம்பித்தால், முதலில் நின்றுபோவது யார்? வேகக்காரர் கொடுத்துவிட்டு ஓடுவார். மெதுவாக வருபவர், ‘இதற்குப் போய் காசா’ என்று திரும்பிப் போவார்.

நம் ஞாயிற்றுக்கிழமை

நம் ஊரில் வார ஓட்டம் வேறு வழியில் வளர்ந்தது. சென்னையில் 2006-ல் சென்னை ரன்னர்ஸ் குழு தொடங்கியபோது, விடியற்காலையில் அரைக்கால் சட்டையோடு சாலையில் ஓடுகிறவரைப் பார்த்து நாயும் குரைத்தது, மனிதர்களும் திரும்பிப் பார்த்தார்கள். இன்று அந்தக் குழுவுக்கு நகரத்தின் பல பகுதிகளில் கிளைகள் உண்டு. 2012 முதல் அவர்கள் நடத்தும் சென்னை மாரத்தான் ஆயிரக்கணக்கானோரை இழுக்கிறது. கோவையில் புற்றுநோய் அறக்கட்டளைக்காக 2013-ல் தொடங்கிய மாரத்தான் இருக்கிறது. ஆரோவில்லில் 2008 முதல் பிப்ரவரி மாதத்தில் செம்மண் காட்டுப் பாதையில் நடக்கும் ஓட்டத்தில் வெற்றியாளர் என்று யாருக்கும் பரிசு இல்லை. ஓடும் மகிழ்ச்சிக்காக ஓடுங்கள் என்று சொல்லிவிடுகிறார்கள்.

ஆனால் இந்தப் பெரிய நாள்களை வைத்து ஓட்டக்காரர்களின் உறவைப் புரிந்துகொள்ள முடியாது. அதற்குச் சாதாரண ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அதிகாலை நாலே முக்காலுக்குப் பெசன்ட் நகர் கடற்கரைக்கோ, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கோ போக வேண்டும். ‘லாங் ரன்’ நாள். ஒருவர் பதினெட்டு கிலோமீட்டர், ஒருவர் பத்து, புதிதாக வந்தவர் ஐந்து. எல்லோருக்குமாக ஒருவர் அன்றைக்கு ஓடாமல் காரில் வருகிறார். இந்த வாரம் அவர் முறை. இரண்டு, இரண்டரை கிலோமீட்டருக்கு ஓரிடமாக வண்டியை ஓரம் கட்டி டிக்கியைத் திறக்கிறார். உள்ளே இருபது லிட்டர் கேன், கலக்கிவைத்த எலக்ட்ரால், உப்புத் தடவிய வெள்ளரித் துண்டு, நான்காகப் பிளந்த ஆரஞ்சு, வாழைப்பழம், கடலை மிட்டாய். ஐஸ் தண்ணீரில் ஊறிய ஸ்பாஞ்ச் ஒரு வாளியில் கிடக்கிறது. தண்ணீர் ஊற்றிக்கொண்டே அவர் வாய்க்குள் எண்ணுகிறார். பதினாறு பேர் போனார்கள், பதினான்கு பேர் வந்தாயிற்று. “அந்த ப்ளூ டி-ஷர்ட் அண்ணன் எங்க? இஸ்கான் கோயில் திருப்பத்துல பாத்தீங்களா?” இந்த எண்ணிக்கைதான் அன்றைய முழு ஏற்பாட்டின் உயிர். யாராவது ஒருவர் வரவில்லையென்றால் வண்டி நகராது.

பழகியவர்களிடம் ஓர் ஒழுக்கம் உண்டு. களைத்து வருகிறவரிடம் “இதோ வந்தாச்சு, கொஞ்ச தூரம்தான்” என்று சொல்ல மாட்டார்கள். கொஞ்ச தூரம் என்று நம்பி ஓடி, திருப்பத்துக்கு அப்பாலும் சாலை நீண்டுகிடப்பதைப் பார்த்தவருக்குக் கால் மட்டுமல்ல, மனமும் நின்றுபோகும். “அடுத்த தண்ணி எண்ணூறு மீட்டர்ல இருக்கு சார், பெட்ரோல் பங்க் எதிர்ல” என்பார்கள். சரியான தூரம், சரியான அடையாளம். அதைவிடப் பெரிய உற்சாக வார்த்தை நீண்ட ஓட்டத்தில் கிடையாது.

பந்தய நாளில் பேஸர்களைப் பாருங்கள். முதுகில் ஒரு கொடி அல்லது பலூன். அதில் 2:30 என்று எழுதியிருக்கும். 21.1 கிலோமீட்டர் ஹாஃப் மாரத்தானை இரண்டரை மணி நேரத்தில் முடிக்க நினைக்கிற எவரும் அவர் பின்னால் ஓடலாம். ஒரு கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 6 விநாடி, கடைசிவரை. அவர் தனியாக ஓடினால் இரண்டு மணிக்குள் முடித்துவிடுவார். அன்றைக்கு அவர் ஐந்து நிமிடம் முன்னதாக வந்தாலும் தோல்விதான். ஆரம்பத்தில் ரத்தச் சூட்டில் பறக்கிறவர்களை அடக்குகிறார். பதினாறாவது கிலோமீட்டரில் தொய்ந்து போகிறவர்களைப் பேச்சில் இழுக்கிறார். சொந்த நேரத்தை இன்னொருவருக்காக எழுதிவைப்பது சிறிய விஷயமில்லை. வருடத்துக்கு நாலைந்து பந்தயம்தான் ஓட முடியும் என்ற உடம்பில் ஒன்றை இப்படிக் கொடுத்துவிடுகிறார்கள்.

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் இடையே ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஓடும் காம்ரேட்ஸ் பந்தயத்தில் இந்த வழக்கம் உச்சத்தைத் தொட்டிருக்கிறது. அங்கே பேஸரையும் அவர் பின்னால் ஓடும் கூட்டத்தையும் ‘பஸ்’ என்கிறார்கள். பேஸர் ஓட்டுநர். எப்போது நடப்பது, எப்போது ஓடுவது, எப்போது பாடுவது என்பதை அவர் சொல்கிறார். நூற்றுக்கணக்கானோர் ஒரே குரலில் பாடிக்கொண்டு மலையேறுகிறார்கள். முதல் உலகப் போரில் இறந்த தோழர்களின் நினைவாக, போரிலிருந்து திரும்பிய விக் கிளாப்பம் 1921-ல் தொடங்கிய பந்தயம் அது. முதல் ஆண்டு 34 பேர் ஓடத் தொடங்கி 16 பேர் முடித்தார்கள்.

1923-ல் ஃபிரான்சஸ் ஹேவர்ட் என்ற பெண் அதில் ஓட விண்ணப்பித்தார். பெண் என்பதால் மறுத்தார்கள். அவர் அதிகாரபூர்வமற்றவராகவே ஓடி, 11 மணி 35 நிமிடத்தில் முடித்தார். பதக்கம் தர விதி இடம் கொடுக்கவில்லை. கூட ஓடியவர்களும் பார்த்து நின்றவர்களும் பணம் போட்டு அவருக்கு ஒரு வெள்ளித் தேநீர்ப் பாத்திரத் தொகுதியைப் பரிசளித்தார்கள். பெண்களும் எல்லா இனத்தவரும் அதிகாரபூர்வமாக ஓடலாம் என்ற நிலை 1975-ல்தான் வந்தது. விதி மாற அரை நூற்றாண்டு பிடித்திருக்கிறது. சக ஓட்டக்காரர்களுக்கோ அன்று மாலையே தெரிந்துவிட்டது, அவர் ஓடி முடித்தவர் என்று. ஓட்ட உலகத்தின் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

சேர்ந்து ஓடினால் ஏன் வலி குறைகிறது

1898-ல் அமெரிக்காவின் நார்மன் ட்ரிப்லெட், சைக்கிள் பந்தய வீரர்கள் தனியாக ஓட்டுவதைவிடத் துணையோடு ஓட்டும்போது வேகமாகப் போகிறார்கள் என்று பதிவேடுகளிலிருந்து காட்டினார். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2009-ல் படகு வலிக்கும் வீரர்களை வைத்துச் சோதித்தபோது, தனியாகத் துடுப்புப் போட்ட பிறகு இருந்ததைவிட, அதே உழைப்பைக் குழுவாகப் போட்ட பிறகு அவர்களின் வலி தாங்கும் திறன் கூடியிருந்தது. நாற்று நடுகிறவர்களுக்கும் ஏலேலோ பாடி வலை இழுத்தவர்களுக்கும் இது புதுச் செய்தியில்லை.

பார்வையற்ற ஓட்டக்காரரும் அவருடைய வழிகாட்டியும் ஓடுவதை அருகில் ஓடிப் பார்த்தால் இந்த ஒத்திசைவு இன்னும் துலக்கமாகத் தெரியும். இருவர் கையையும் இணைப்பது ஒரு முழம்கூட இல்லாத ஒரு கயிறு. இரு முனையிலும் விரல் நுழையும் அளவுக்கு வளையம். வழிகாட்டியின் இடக்கையும் ஓட்டக்காரரின் வலக்கையும் ஒன்றாக வீசுகின்றன. கால் மாறி விழுந்தால் கயிறு இழுபடும். இரண்டு அடிக்குள் வழிகாட்டி தன் நடையைத் திருத்திக்கொள்கிறார். “மேடு, மூணு அடி… இப்போ. இடப்பக்கம் கொஞ்சம்… போதும். முன்னாடி ரெண்டு பேர், வலப்பக்கமா தாண்டுறோம்.” பிறகு சாலை நேராக இருக்கும்போது கடல் இப்போது எந்த நிறத்தில் இருக்கிறது, யார் வீட்டு மாடியில் நின்று கை தட்டுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு வருகிறார். எல்லைக் கோட்டைப் பார்வையற்றவர்தான் முதலில் தாண்ட வேண்டும். அதற்காக வழிகாட்டி கடைசி அடியில் அரை அடி பின்வாங்கிக்கொள்கிறார்.

துணை என்பது நல்ல மனம் மட்டுமில்லை, அறிவும்தான். நம் கடலோர ஊர்களில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும்போது வியர்வை ஆவியாகாது. ஆவியாகாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. கூட ஓடுகிறவர் உளறுகிறார், திசை தவறிப் போகிறார், காரணமில்லாமல் எரிந்து விழுகிறார் என்றால் அதைக் களைப்பு என்று விட்டுவிடக் கூடாது. வெப்பத்தாக்குதல் தொடங்கிவிட்டது என்று கொள்ள வேண்டும். நிழலுக்குக் கொண்டுபோய், அந்த இடத்திலேயே தண்ணீரை ஊற்றி, ஐஸ் வைத்து, விசிறி, உடல் சூட்டை இறக்க வேண்டும். ஆம்புலன்ஸை அழைத்துவிட்டுச் சும்மா காத்திருக்கும் நிமிடங்கள்தான் ஆபத்தானவை. இன்னொரு பக்கம், பாசத்தில் மணிக்கணக்கில் வெறும் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருப்பதும் கெடுதல். அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மூளை வீங்கும் நிலை வரலாம். தாகத்துக்குக் குடிப்பது, உப்புச் சேர்ப்பது, ‘பேசிக்கொண்டே ஓட முடிகிறதா’ என்று பார்த்துக்கொள்வது: இவை மூன்றும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் ஓடினால், விலையுயர்ந்த கைக்கடிகாரம் தேவையில்லை.

பெண்கள் விஷயத்தில் துணை என்றால் வேறு ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. இருட்டில் தனியாக வெளியே போவதை வீடும் விரும்பாது, தெருவும் விடாது. அதே தெருவிலிருந்து நான்கு பேர் ஒன்றாகப் புறப்பட்டால் கதை மாறுகிறது. ஓட்டக் குழுக்களில் பழகியவர்களைக் கேளுங்கள். முதல் ஆறு மாதம் தங்களை வரவைத்தது உடம்பு மேல் இருந்த அக்கறையைவிட, ‘கீழே நிற்கிறேன், வா’ என்று நாலரை மணிக்கு வந்த செய்திதான் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அடுப்படியை யார் பார்ப்பது என்ற கேள்விக்குப் பல வீடுகளில் பதில் மாறியிருக்கிறது. பல வீடுகளில் இன்னும் மாறவில்லை. ஏழு மணிக்குள் திரும்ப வேண்டும் என்று பாதி தூரத்தில் விடைபெறுகிறவர்கள் இருக்கிறார்கள்.

என் மனத்தை அரிப்பது வேறொன்று. நம் ஓட்டக் குழுக்கள் பெரும்பாலும் வசதி உள்ளவர்களுடையவை. பெரிய பந்தயங்களின் கட்டணம் ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது. ஷூ அதைப்போல் பல மடங்கு. அதே விடியலில் தண்ணீர் மேசையைச் சுற்றிச் சிதறும் காகிதக் கோப்பைகளைக் கூட்டிப் பெருக்கும் தூய்மைப் பணியாளருக்கும் முட்டி வலிக்கிறது, அவருக்கும் சர்க்கரை இருக்கிறது. அவரை யாரும் ஓட அழைப்பதில்லை.

ஆனால் தமிழ்நாட்டில் காசில்லாத ஓட்டக் குழு ஒன்று எல்லா ஊரிலும் இருக்கிறது, அதை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. தேனியோ, திருவண்ணாமலையோ, மேல்நிலைப் பள்ளி மைதானத்துக்கு ஐந்தரை மணிக்குப் போய்ப் பாருங்கள். காவலர் தேர்வுக்கும் ராணுவ ஆள் சேர்ப்புக்கும் தயாராகும் பிள்ளைகள், பாதிப் பேர் வெறுங்காலோடு, சுற்றிச் சுற்றி வருகிறார்கள். காவலர் தேர்வுக்கு 1500 மீட்டரைக் குறித்த நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். ஏற்கெனவே தேறியவன் ஒருவன் விடுப்பில் ஊருக்கு வந்தால் விசிலோடு மைதானத்துக்கு வருகிறான். கடைசிச் சுற்றில் பின்தங்கும் தோழனுக்குப் பக்கத்தில் மாற்றி மாற்றி ஒருவன் போய் ஓடுகிறான், “விடாத மாப்ள, விடாத” என்று. அவர்கள் ஒரே வேலைக்குப் போட்டியாளர்கள். இடங்கள் குறைவு என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள்.

நகரத்தின் அனுபவமும் இந்த மைதானங்களும் ஒன்றாகச் சேரும் இடம் ஒன்று வேண்டும். அரசு 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று எல்லா மாவட்டங்களிலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதைகளைக் குறித்துக் கொடுத்தது. பாதையைக் குறித்தால் மட்டும் மக்கள் வந்துவிட மாட்டார்கள். அங்கே குறித்த நேரத்தில், தவறாமல், ‘வாங்க’ என்று சொல்ல ஓர் ஆள் நிற்க வேண்டும். கட்டணமில்லாத ஒரு வார ஓட்டம் அதைச் செய்யும்.

பெரிய முதல் எதுவும் தேவைப்படாது. மாவட்ட விளையாட்டரங்கின் 400 மீட்டர் தடத்தில் பன்னிரண்டரைச் சுற்று ஐந்து கிலோமீட்டர். நேரம் பார்க்க ஒரு கைப்பேசி. எண் எழுதிய அட்டைகள் நூறு. ஒரு கேன் தண்ணீர், ஒரு பொட்டலம் உப்பு, ஒரு வாளி, முதலுதவி தெரிந்த ஒரு செவிலியரோ உடற்கல்வி ஆசிரியரோ. முறை வைத்துக்கொள்ளப் பத்துப் பேர். காவலர் தேர்வுப் பிள்ளைகளில் நான்கு பேர் வேகம் சொல்லிக்கொடுக்கலாம், ஓய்வுபெற்றவர்கள் அட்டை கொடுக்கலாம். ஷூ கட்டாயம் என்று மட்டும் அறிவிக்க வேண்டாம். சிங்கப்பூரின் 7.30 மணி நமக்கு ஒத்துவராது. ஆறு மணிக்குத் தொடங்கினால் ஏழுக்குள் எல்லோரும் முடித்துவிடலாம், மார்ச் பிறந்ததும் அரை மணி முன்னதாக மாற்றிக்கொள்ளலாம். மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் ஊர்க்காரர்கள் பத்துப் பேர் கையெழுத்திட்ட மனு ஒன்றைக் கொடுத்துத் தடத்தைச் சனிக்கிழமை ஒரு மணி நேரம் கேட்க வேண்டும். மழை ஓய்ந்து பனி இறங்கும் டிசம்பர் கடைசி வாரம் தொடங்குவதற்கு நல்ல நேரம். மனுவை ஐப்பசியிலேயே கொடுத்துவிடுவது நல்லது.